பாதை தாங்காத எந்திரம்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேலேறி நின்றால் ஊரைச் சூழ்ந்த சமவெளி கண்ணெட்டும் தொலைவுவரை விரிந்து கிடக்கும். ஒருபுறம் சிறுமலை; மறுபுறம் மேகம் தங்கும் பழனி மலைத்தொடர்; இடையே செம்மண் நிலமும் தென்னந்தோப்புகளும். அந்நிலத்தை ஊடறுத்து நான்கு இருப்புப்பாதைகள் பிரிந்து செல்கின்றன. ஒன்று திருச்சிராப்பள்ளிக்கு, ஒன்று கரூருக்கு, ஒன்று பழனிக்கு, ஒன்று மதுரைக்கு. 1875ஆம் ஆண்டிலேயே தொடர்வண்டியைக் கண்ட ஊர் திண்டுக்கல்.

சந்திப்பு நிலையத்தில் நீண்ட சரக்கு வண்டியொன்று புறப்படுவதைக் கூர்ந்து கவனித்தவர்கள் ஒன்றை அறிந்திருப்பார்கள். எந்திரம் இழுக்கத் தொடங்கியதும் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. முதற்பெட்டியின் இணைப்பு இறுகும், பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. அந்த ஓசை வண்டியின் நீளம் முழுவதும் ஓடிக் கடைசிப் பெட்டியைத் தொடும்போது, முன்னால் நிற்கும் எந்திரம் ஏற்கெனவே சிறிது தொலைவு சென்றிருக்கும். மழை தூறும் நாளில் சில வேளை சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். அப்போது ஓட்டுநர் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தின்மீது மணலைத் தூவச் செய்வார். பிடிப்புக் கிடைக்கும், வண்டி நகரும்.

இரும்புச் சக்கரம் வழுவழுப்பானது. அது உருளும் தண்டவாளமும் வழுவழுப்பானது. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒரு சிறு நாணயத்தின் பரப்பளவே. அவ்வளவு சிறிய பிடியை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான டன் எடையை எந்திரம் எவ்வாறு இழுக்கிறது? இன்று இவ்வினா நமக்குத் தோன்றுவதே இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் நன்கு கற்ற பொறியாளர்களே, இது நடவாத செயல் என்று கருதினர். நடக்கும் என்று கூறியதோடு நில்லாமல், பந்தயம் கட்டிச் சுமையை ஏற்றி இழுத்துக் காட்டியவர் ரிச்சர்டு திரெவிதிக்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி கார்ன்வால். வெள்ளீயமும் செம்பும் புதைந்த மண் அது. அங்குக் கேம்போர்ன் என்னும் ஊருக்கு அருகில் 1771ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் திரெவிதிக் பிறந்தார். தந்தையார் சுரங்க மேற்பார்வையாளர். உடன்பிறந்தோர் அனைவரும் பெண்கள். வீட்டில் ஒரே ஆண்மகன். பள்ளியில் அவர் பெற்ற மதிப்பு நல்லதாக இல்லை. சொல்பேச்சுக் கேளாதவர், மெதுவானவர், பிடிவாதக்காரர், வகுப்புக்கு ஒழுங்காக வாராதவர் என்றே ஆசிரியர் அவரை எடைபோட்டார். ஆயினும் கணக்கில் மட்டும், கற்பித்த வழியை விட்டுத் தமக்குத் தோன்றிய வழியில் சென்று விடையை எட்டிவிடுவார். வழி தவறு, விடை சரி என்னும் நிலைமை அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது எனலாம்.

இளமையிலேயே ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்ட அவரைக் கார்ன்வாலின் அரக்கர் என்று ஊரார் அழைத்தனர். மற்போரில் வல்லவர். பெரிய சம்மட்டியைத் தூக்கி எந்திரக் கூடத்தின் கூரைக்கு மேலாக எறிந்தார் என்பன போன்ற கதைகள் அவரைப்பற்றி அப்பகுதியில் நெடுநாள் வழங்கின. பத்தொன்பதாம் அகவையில் சுரங்கப் பணியில் சேர்ந்தார்.

சுரங்கத்துக்குப் பகை நீர். ஆழம் தோண்டத் தோண்ட நீர் ஊறும். அதை இறைத்துக்கொண்டே இருந்தாலன்றிக் கனிமத்தை எடுக்க இயலாது. இறைப்பதற்கு நீராவி எந்திரம் வேண்டும். எந்திரத்துக்கு நிலக்கரி வேண்டும். கார்ன்வாலிலோ நிலக்கரி இல்லை. கடல் கடந்து வேல்சிலிருந்து கப்பலில் வரவேண்டும். எனவே அங்கு ஒவ்வொரு கூடைக் கரியும் கணக்குப் பார்த்து எரிக்கப்பட்டது. அக்காலத்தில் சிறந்து விளங்கிய எந்திரம் ஜேம்ஸ் வாட் அமைத்தது. அது குறைந்த அழுத்தமுள்ள நீராவியில் இயங்குவது. நீராவியைத் தனிக்கலத்தில் குளிர்வித்து வெற்றிடம் உண்டாக்கி, அவ்வெற்றிடத்தை நோக்கிக் காற்றழுத்தம் தள்ளும் வலிமையையே அது பெரிதும் நம்பியிருந்தது. அதனால் அதற்குப் பெரிய உருளையும், பெரிய கட்டடமும், குளிர்விக்க ஏராளமான நீரும் தேவைப்பட்டன. நிற்குமிடத்தைவிட்டு நகர முடியாத எந்திரம் அது. வாட்டின் காப்புரிமை 1800ஆம் ஆண்டுவரை நீடித்தது. அதுவரை வேறு வழியில் முயன்றவர்கள் வழக்கு மன்றத்தின் படியேற வேண்டியிருந்தது.

திரெவிதிக்கின் எண்ணம் எளியது. ஆனால் துணிச்சல் மிக்கது. நீராவியை மிகுந்த அழுத்தத்தில் அடைத்து, அதன் தள்ளு விசையாலேயே உந்துதண்டை இயக்குவது. வேலை முடிந்த நீராவியை அப்படியே வெளியே விட்டுவிடுவது. குளிர்கலம் வேண்டா, பெரிய கட்டடம் வேண்டா. ஆனால் வெற்றிடத்தை இழப்பதால் எவ்வளவு ஆற்றல் வீணாகும்? இவ்வினாவைத் தம் நண்பரும் கணித அறிஞருமான டேவிஸ் கிடியிடம் கொண்டு சென்றார். பின்னாளில் இலண்டன் அரச கழகத்தின் தலைவராக உயர்ந்தவர் இவர். நீராவியின் அழுத்தம் எவ்வளவு உயர்ந்தாலும் இழப்பது ஒரு வளிமண்டல அழுத்தம் மட்டுமே என்று அவர் விளக்கினார். திரெவிதிக்கின் மகிழ்ச்சிக்கு எல்லையே இல்லை. அழுத்தம் கூடக்கூட அந்த இழப்பு அற்பமாகிவிடும் அன்றோ?

1797ஆம் ஆண்டு, ஹெயில் என்னும் ஊரில் வார்ப்பாலை நடத்திய ஜான் ஹார்வியின் மகள் ஜேனை அவர் மணந்தார். அக்காலத்தில்தான் அவர் இல்லத்தில் சிறு மாதிரி எந்திரங்கள் உருவாயின. ஒரு மாதிரியின் கொதிகலனில் வெந்நீரை ஊற்றி, அடியிலிருந்த குழாயில் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டைச் செருகினர். நீராவி எழுந்தது; எந்திரம் மேசைமீது சுற்றி ஓடியது. காண வந்தோருள் உயர்குடிப் பெண்மணி ஒருவரும் இருந்தார். பின்னர் உலகெங்கும் ஓடிய எந்திரங்களின் முன்னோடிகளில் ஒன்று இவ்வாறு ஒரு வீட்டின் மேசைமீது உருண்டது.

மாதிரிகள் உண்மையைச் சொல்பவை. ஆனால் முழு உண்மையையும் சொல்வதில்லை. இன்றும் பல நாடுகளில் மாதிரித் தொடர்வண்டி ஆர்வலர்கள் நூற்றுக்கணக்கான சிறு பெட்டிகளை ஒரே தொடராக இணைத்து, ஓர் எந்திரம் எத்தனையை இழுக்கும் என்று சோதிப்பதுண்டு. ஒவ்வொரு பெட்டியாகச் சேர்ப்பர். ஒரு கட்டத்தில் எந்திரத்தின் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், சக்கரமும் சுழலும். வண்டி மட்டும் நகராது. எந்திரத்தின் மேல் சிறிது ஈயத்தை ஏற்றினால் மீண்டும் நகரும். வலிமை குறையவில்லை, பிடிப்பே குறைந்தது என்பதை இதனால் அறியலாம். வளைவுகளில் மற்றொன்றும் புலப்படும். முன்னால் எந்திரம் இழுக்க, பின்னால் பெருஞ்சுமை தடுக்க, இடைப்பட்ட இலேசான பெட்டிகள் உள்வளைவின் பக்கம் இழுபட்டுக் கவிழ்ந்துவிடும். நாணேற்றிய கயிறு நேர்கோட்டையே நாடும் என்பது போன்றது இது. உண்மையான நீண்ட வண்டிகளிலும் இந்த அச்சம் உண்டு.

மாதிரி மறைக்கும் உண்மை வேறு. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் இருமடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். அதைத் தாங்கும் பாகத்தின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே ஆகும். மேசைமீது ஓடிய எந்திரத்தால் மேசைக்கு ஒரு கீறலும் நேரவில்லை. அதே எந்திரம் பேருருக் கொண்டு பாதையில் இறங்கும்போது பாதையின் கதி என்னவாகும் என்பதை அந்தச் சிறு மாதிரி சொல்லவில்லை.

பிடிப்பைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்கத் திரெவிதிக்கும் கிடியும் ஓர் எளிய சோதனை செய்தனர். குதிரை வண்டியொன்றை மேட்டுச் சாலையில் நிறுத்திக் குதிரையை அவிழ்த்துவிட்டனர். பிறகு வண்டியின் சக்கரங்களைக் கையால் சுழற்றினர். சக்கரம் வழுக்கி அங்கேயே சுற்றுமா, வண்டியை மேட்டில் ஏற்றுமா என்பதே கேள்வி. வண்டி ஏறியது. இதற்குச் செலவான காசு ஒன்றுமில்லை.

1801ஆம் ஆண்டு கிறித்துமசுக்கு முந்தைய நாள் மாலை, கேம்போர்ன் குன்றின்மேல் தம் முதல் நீராவிச் சாலை வண்டியை அவர் ஓட்டினார். விருப்பாட்சி கோபால் நாயக்கர் ஆங்கிலக் கும்பினியாரால் தூக்கிலிடப்பட்டதும் இதே ஆண்டில்தான். திண்டுக்கல் சீமையில் ஒரு போர் முடிந்த ஆண்டு, உலகின் மறுகோடியில் குதிரையில்லா வண்டியொன்று மலையேறியது. ஊரார் சிலர் தாமாகவே அதில் தொற்றிக்கொண்டனர். ஆனால் அவ்வண்டியின் ஆயுள் சில நாள்களே. அடுத்த ஓட்டத்தில் பழுதுபட்டு நின்றது. அதை ஒரு கொட்டகையில் ஒதுக்கிவிட்டுக் குழுவினர் அருகிலிருந்த விடுதிக்குச் சென்று வாத்து வறுவலும் மதுவுமாக மகிழ்ந்திருந்தனர். கொதிகலனின் அடியில் எரிந்த தீயை அணைக்க மறந்துவிட்டனர். நீர் வற்றியது, இரும்பு பழுத்தது, கொட்டகையும் வண்டியும் எரிந்துபோயின. திரெவிதிக்கின் அறிவுக்குக் குறைவில்லை. பொறுமைக்கும் கவனத்துக்கும்தான் குறைவு. இதை அவரைப் போற்றுவோரும் மறுப்பதில்லை.

கவனக்குறைவு ஒருமுறை உயிர்களையே பலி கொண்டது. 1803ஆம் ஆண்டு செப்டம்பரில் கிரீனிச்சில் அவர் அமைத்த எந்திரம் ஒன்றின் கொதிகலன் வெடித்து நால்வர் இறந்தனர். எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறுவன் இடத்தைவிட்டு அகன்றிருந்தான். நீராவி வெளியேற வழியின்றி அடைபட்டது. மிகை அழுத்தம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்து வந்த வாட்டின் தரப்பினருக்கு இது கிடைத்தற்கரிய சான்றாயிற்று. திரெவிதிக் வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. கொதிகலனுக்கு இரண்டு காப்பு அடைப்பான்களைப் பொருத்தினார். அவற்றுள் ஒன்று இயக்குபவரின் கைக்கு எட்டாதவாறு அமைந்தது. நீர் வற்றினால் உருகி ஓட்டை விட்டு நீராவியை வெளியேற்றும் ஈயச் செருகியையும் சேர்த்தார். இவற்றின் வழிவந்த அமைப்புகளை இன்று நம் வீட்டு அழுத்தச் சமையற்கலத்திலும் காணலாம்.

வேல்சில் மெர்தர் டிட்வில் என்னும் ஊர் அக்காலத்தில் இரும்பு உருக்கும் உலைகளால் நிறைந்திருந்தது. அங்குப் பெனிடாரன் இரும்பாலையின் உரிமையாளர் சாமுவேல் ஹோம்பிரே. அண்டை ஆலை முதலாளி ஒருவரோடு அவர் 500 கினி பந்தயம் கட்டினார். பத்து டன் இரும்பை ஆலையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அபர்கனான்வரை நீராவி எந்திரமே இழுத்துச் செல்லும் என்பது பந்தயம். அன்றைய நிலையில் 500 கினி பெருஞ்செல்வம். ஹோம்பிரேவுக்குப் பணம் பணயம். திரெவிதிக்குக்கோ தம் வாழ்வின் கருத்தே பணயம்.

1804 பிப்ரவரி 21. குதிரைகள் வண்டியிழுப்பதற்கென இடப்பட்ட இரும்புப் பாதையில் விந்தையான உருவமொன்று நின்றது. ஏறத்தாழ ஐந்து டன் எடை. கொதிகலனுக்குள்ளேயே கிடையாகப் பதித்த ஒற்றை உருளை. அதன் விட்டம் 21 செ.மீ. மட்டுமே, பக்கத்தில் ஆளுயரத்தையும் மிஞ்சிய சுழல்சக்கரம். பின்னால் ஐந்து வண்டிகளில் பத்து டன் இரும்பு. எந்திரம் நகரத் தொடங்கியதும் வேடிக்கை பார்க்க வந்தவர்களில் எழுபது பேர் வண்டிகளில் ஏறிக்கொண்டனர். பந்தயத்தில் பேசப்படாத சுமை அது. திரெவிதிக் அவர்களை இறக்கிவிடவில்லை. வழியில் குறுக்கிட்ட மரங்களை வெட்டவும் பாறைகளை அகற்றவும் வேண்டியிருந்தது. அவற்றுக்கான நேரமும் சேர்த்து நான்கு மணி ஐந்து நிமிடத்தில் வண்டி எல்லையை அடைந்தது. நம்மூர் மாட்டுவண்டியின் வேகந்தான். ஆனால் அன்று அளக்கப்பட்டது வேகம் அன்று; இழுவை.

அந்த இழுவையின் கணக்கைத் திண்டுக்கல் பாதையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். உலர்ந்த தண்டவாளத்தில் எந்திரத்தின் சக்கரங்கள் தாங்கும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பிடிப்பாகக் கிடைக்கும். இக்கால மின் எந்திரத்தின் எடையை 120 டன் எனக் கொண்டால் 30 டன் விசையோடு அது இழுக்கலாம். சமதளத்தில் ஓடும் ஒரு டன் சுமையை நகர்த்திச் செல்ல நான்கு கிலோ விசை போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 7500 டன்னை இழுக்கலாம். அதே பாதை நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறினால் டன்னுக்குப் பத்துக் கிலோ கூடுதலாக வேண்டும். அப்போது இழுக்கத்தக்க சுமை ஏறத்தாழ 2100 டன்னாகச் சுருங்கிவிடும். கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு ஏற்றம் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்டச் சுமையைப் பறித்துக்கொள்கிறது. திருச்சிராப்பள்ளியைவிடத் திண்டுக்கல் 150 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. பயணியின் கண்ணுக்குச் சமவெளியாகத் தோன்றுவது எந்திரத்துக்கு மலைதான். 2022 ஆகத்து 15ஆம் நாள் சத்தீசுகரில் 295 பெட்டிகளைக் கோத்து, மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்தில் 27,000 டன் நிலக்கரியோடு ஒரு வண்டி ஓட்டப்பட்டபோது ஆறு எந்திரங்கள் தேவைப்பட்டதும் இக்கணக்கினால்தான்.

பெனிடாரனில் திரெவிதிக் வென்றார். சக்கரம் வழுக்கவில்லை. வழுவழுப்பான சக்கரம் வழுவழுப்பான பாதையைப் பற்றும் என்பது ஐயமற உறுதியாயிற்று. உருளையிலிருந்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்குள் செலுத்தினால் உலைத்தீ கனன்று எரிவதையும் அவர் அங்கே கண்டறிந்தார். நூறாண்டுக்கு மேல் எல்லா நீராவி எந்திரங்களும் எழுப்பிய அந்தக் குப்குப் ஓசையின் பிறப்பிடம் அதுவே.

ஆனால் பாதை தோற்றது. அக்காலப் பாதை வார்ப்பிரும்புத் தகடுகளால் ஆனது. இரும்பைத் தட்டியும் அராவியும் பூட்டுச் செய்யும் கைவினைஞர் வாழும் திண்டுக்கல்லில் இதை விளக்க வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும். வளைப்பைத் தாங்காது, முறிந்துவிடும். குதிரை இழுக்கும் இலேசான வண்டிகளுக்குப் போதுமாயிருந்த தகடுகள் ஐந்து டன் எந்திரத்தின் கீழ் ஒவ்வொன்றாக உடைந்தன. எடை குறைந்தால் பிடிப்பு இல்லை. எடை கூடினால் பாதை இல்லை. இந்த இடுக்கியில் அவர் அகப்பட்டார். பந்தயத்தில் வென்ற எந்திரம் சக்கரங்கள் கழற்றப்பட்டு ஆலையில் வேறு பணி செய்யப் போயிற்று.

அடுத்த ஆண்டு நியூகாசில் பகுதிச் சுரங்கம் ஒன்றுக்காக அமைந்த எந்திரமும் அங்கிருந்த மரப்பாதைக்குக் கனமாகிப் பயனற்றது. 1808இல் இலண்டனில் வட்டப் பாதையொன்று இட்டு, வேலியடைத்து, ஒரு சில்லிங் கட்டணத்துக்கு மக்களை ஏற்றி ஓட்டினார். கிடியின் தங்கையார் அந்த எந்திரத்துக்கு 'முடிந்தவர் பிடிக்கலாம்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். சில வாரங்களில் அங்கும் தண்டவாளம் முறிந்து எந்திரம் கவிழ்ந்தது. கூட்டமும் குறைந்தது, கையிலிருந்த பணமும் தீர்ந்தது. அதன்பின் அவர் தொடர்வண்டி எந்திரம் கட்டவே இல்லை. தேம்சு ஆற்றின் அடியில் தோண்டிய சுரங்கவழி, ஆயிரம் அடியைக் கடந்தபின் வெள்ளம் புகுந்து கைவிடப்பட்டது. 1811இல் திவாலானார்.

அவர் கைவிட்டதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டனர். ஆனால் அவர் மெய்ப்பித்ததை அவர்களுள் பலர் நம்பவில்லை. 1812இல் லீட்சில் ஜான் பிளங்கின்சாப் பற்சக்கரம் பொருத்திய எந்திரத்தைப் பற்கள் கொண்ட பாதையில் ஓட்டினார். குதிரைக்கால்போல இரு கால்களால் பின்னின்று உதைத்துச் செல்லும் எந்திரத்தையும் ஒருவர் செய்தார். இறுதியில் வைலம் சுரங்கத்தின் வில்லியம் ஹெட்லி சோதனை வண்டியொன்றைக் கட்டினார். ஆள்கள் அதன்மேல் நின்று கைப்பிடிகளைச் சுழற்றினால் சக்கரங்கள் உருளும். பின்னால் கரிவண்டிகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, சக்கரம் எப்போது வழுக்குகிறது என்று குறித்துக்கொண்டார். மேலே எடையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். பல் வேண்டா, எடையே போதும் என்பது மீண்டும் உறுதியாயிற்று. கேம்போர்னில் குதிரையை அவிழ்த்துவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றியவர் கண்ட விடைதான் அது. பாதையின் சிக்கலோ 1820இல் ஜான் பர்கின்சா உருட்டிச் செய்த தேனிரும்புத் தண்டவாளத்தால்தான் தீர்ந்தது. தேனிரும்பு வளையும், சட்டென முறியாது.

அப்போது திரெவிதிக் இங்கிலாந்திலேயே இல்லை. அவரை அங்கிருந்து அழைத்துச் சென்றதும் ஒரு மாதிரி எந்திரந்தான். பெரு நாட்டின் செர்ரோ தே பாஸ்கோ வெள்ளிச் சுரங்கங்கள் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4300 மீட்டர் உயரத்தில் உள்ளவை. அவற்றின் நீரை இறைக்க வழிதேடி இலண்டன் வந்த பிரான்சிஸ்கோ உவில்லே, ஒரு கடையில் திரெவிதிக்கின் எந்திர மாதிரியைக் கண்டு வாங்கிச் சென்றார். காற்றழுத்தம் குறைந்த அம்மலையுச்சியில் வாட்டின் எந்திரம் வலிவிழந்துவிடும். நீராவியின் அழுத்தத்தையே நம்பிய திரெவிதிக்கின் எந்திரத்துக்கோ அக்குறை இல்லை. மாதிரி மலையுச்சியிலும் சுழன்றது. ஒன்பது எந்திரங்கள் கப்பலேறின. அவற்றைத் தொடர்ந்து 1816 அக்டோபரில் திரெவிதிக்கும் புறப்பட்டார்.

சில ஆண்டுகளில் திரும்புவதாக எண்ணிச் சென்றவர் பதினோர் ஆண்டுகள் திரும்பவில்லை. விடுதலைப் போர் பெருவைச் சூழ்ந்தது, சுரங்கங்கள் பாழாயின, ஈட்டியதெல்லாம் போயிற்று. கோஸ்டா ரிக்காவின் காடுகளில் வழிதேடி அலைந்தார். ஆற்றில் மூழ்கியும் முதலை வாயில் அகப்படவிருந்தும் உயிர்தப்பினார். 1827இல் கார்த்தகேனா துறைமுகத்தில் கந்தலுடையில் நின்ற அவரை இளம் பொறியாளர் ஒருவர் கண்டு, ஊர் திரும்ப 50 பவுன் கொடுத்து உதவினார். அவர் இராபர்ட் ஸ்டீவன்சன். திரெவிதிக் தொடங்கிய வேலையைத் தொடர்ந்து நடத்திப் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீவன்சனின் மகன். இரண்டே ஆண்டுகளில் ரெயின்கில் போட்டியில், தன் எடையைப் போல் மும்மடங்கு சுமையை இழுத்துப் பரிசு பெற்ற எந்திரத்தை அமைத்தவரும் அவரே. அவர்கள் இருவரும் அத்துறைமுகத்தில் என்ன பேசிக்கொண்டிருப்பர் என்று எண்ணிப்பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பதினோர் ஆண்டுகளும் ஜேன் ஹார்வி ஹெயிலில் விடுதி நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். திரெவிதிக்கின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். அறுவரின் பசியை ஆற்றிய உழைப்பு எந்தப் பந்தயத்திலும் அளக்கப்படவில்லை.

நாடு திரும்பியபின் நாடாளுமன்றத்திடம் உதவி வேண்டினார். அவருடைய கொதிகலனால் கார்ன்வால் சுரங்கங்கள் மிச்சப்படுத்திய கரிக்கு அளவில்லை. எனினும் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. ஆயிரம் அடி உயர இரும்புக் கோபுரம் ஒன்றுக்குக்கூட அவர் திட்டம் வரைந்தார். அதுவும் தாளோடு நின்றது. இறுதி நாள்களில் கென்ட் பகுதியின் டார்ட்ஃபோர்டு ஊரில் ஜான் ஹால் தொழிற்சாலையில் பணிபுரிந்தார். விடுதி அறையொன்றில் நோயுற்று, 1833 ஏப்ரல் 22ஆம் நாள் இறந்தார். அருகில் உறவினர் எவரும் இல்லை. கையில் பணமும் இல்லை. தொழிற்சாலைத் தோழர்கள் தம் கூலியிலிருந்து காசு சேர்த்து அடக்கம் செய்தனர். அந்நாளில் பிணங்களைத் தோண்டித் திருடி விற்போர் இருந்தனர். அவர்களிடமிருந்து காக்க இரவுக் காவலுக்கும் தோழர்களே பணம் கொடுத்தனர். கல்லறையின்மேல் பெயர்ப்பலகை இல்லை.

நான்காண்டுகளுக்குப்பின், 1837இல் சென்னைக்கு அருகே செங்குன்றத்திலிருந்து சாலைக்கான கற்களைச் சுமக்க இந்தியாவின் முதல் இருப்புப்பாதை அமைந்தது. திரெவிதிக்கின் மகன்களுள் ஒருவரான பிரான்சிஸ், இங்கிலாந்தின் பெரிய தொடர்வண்டி நிறுவனம் ஒன்றில் எந்திரங்களின் கண்காணிப்பாளராக விளங்கினார். தம் தந்தையின் வரலாற்றை எழுதி 1872இல் வெளியிட்டார். திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏற்றத்தில் மூச்சிரைத்து வந்த நீராவி எந்திரம் திண்டுக்கல்லில் நின்றது அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப்பின். அதன் சக்கரங்களில் பற்கள் இல்லை.